சீலிங் பெயிண்ட் உரியுதா? பெயிண்டரைக் கூப்பிடும் முன் இந்தக் கணக்கைப் போடுங்க!

ஐப்பசி, கார்த்திகை மழை முடிஞ்சதும் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பல வீடுகள்ல ஒரே காட்சிதான். சீலிங் பெயிண்ட் கொப்பளிச்சு, செதில் செதிலா கட்டில் மேல உதிரும். பொங்கல் வருதேன்னு அவசரமா ஒரு கோட் அடிச்சிடுவோம். அடுத்த மழையில அதே இடம் மறுபடியும் உரியும்.

ஒரு பேச்சுக்கு, ஒரு ரூம் சீலிங்குக்கு பெயிண்ட், கூலி எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய்னு வெச்சுக்கோங்க. மூணு பொங்கலுக்கு 18,000 ரூபாய் போயிடும். கசிவு மட்டும் அப்படியே இருக்கும். அதனால, காசை எந்த வரிசையில செலவு பண்ணணும்னு இன்னைக்குப் பார்க்கலாம்.

1. முதல்ல காரணத்தைக் கண்டுபிடிங்க (செலவு: 0)

- மழை பெய்ஞ்சதும் கறை பெருசாகுதா? மொட்டைமாடியில பிரச்சினை.
- மழையே இல்லாதப்பவும் ஒரே இடம் ஈரமா இருக்கா? மேல்மாடி பாத்ரூம், டேங்க் பைப்பைப் பாருங்க.
- ஈரமே இல்ல, தொட்டா கையில மாவு மாதிரி ஒட்டுதா? பழைய சுண்ணாம்பையோ டிஸ்டெம்பரையோ சுரண்டாம மேல எமல்ஷன் அடிச்சிருப்பாங்க.
- உரிஞ்ச இடத்துல வெள்ளையா பூத்திருக்கா? அது உப்பு.

2. உப்பை லேசா எடுத்துக்காதீங்க

பச்சைத் தோல் கெடாம இருக்க உப்பு போட்டு வைப்பாங்க. தோல் ஷாப்புல ஊறவைக்கும்போது அந்த உப்பு தண்ணியோட வெளியேறும். பாலாற்றுப் படுகையில தோல் கழிவுநீர் நிலத்தடி நீரைக் கெடுத்த வழக்குல உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு சொன்னது. நம்ம பகுதியில பல இடத்துல போர் தண்ணி உவர்ப்பா இருக்கறது உங்களுக்கே தெரியும்.

அந்தத் தண்ணியிலயே கான்கிரீட் கலந்திருந்தா என்ன ஆகும்? கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கற தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாதுன்னு ஐ.எஸ். 456 தரநிலை சொல்லுது. அதிகமானா கம்பி துருப்பிடிக்கும். துரு பருமனாகி, கான்கிரீட்டை உள்ளேயிருந்தே பிளக்கும்.

ஒரு கட்டைப்பிடியால சீலிங்கை மெதுவா தட்டிப் பாருங்க. 'டொக் டொக்'னு பொள்ளல் சத்தம் வந்தாலோ, பழுப்புக் கோடு தெரிஞ்சாலோ, கட்டிலை அங்கிருந்து நகர்த்துங்க. முதல் செலவு சிவில் இன்ஜினியருக்குத்தான். பெயிண்ட் அப்புறம்.

3. மேலே முதலில், கீழே கடைசியில்

மாடியில மழைநீர் வடிகுழாய் அடைப்பு, தண்ணி தேங்கற இடம், விரிசல், தட்டோடு இணைப்பு எல்லாத்தையும் கொத்தனாரோட சேர்ந்து பாருங்க. சரி பண்ணிட்டு, தளம் நல்லா காய்ஞ்சதும் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடிக்கலாம். இதுக்கு நம்ம ஊரு வெயில்காலத்தை விட்டா வேற நல்ல நேரம் கிடையாது.

அப்புறம் சீலிங்கைக் காய விடுங்க. ஒரு பாலித்தீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் கழிச்சுப் பாருங்க. உள்பக்கம் நீர்முத்து இருந்தா இன்னும் ஈரம் போகலை.

காய்ஞ்ச பிறகு இந்த வரிசை: உரிஞ்ச பெயிண்டைச் சுரண்டணும், உப்பை உலர்ந்த பிரஷ்ஷால தட்டணும், ப்ரைமர், புட்டி, உப்புத்தாள் தேய்ப்பு, மறுபடி ப்ரைமர், ரெண்டு கோட் எமல்ஷன்.

ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்ட்ல ஈயம் 90 பி.பி.எம்-க்கு மேல இருக்கக்கூடாதுங்கற விதி 2017 நவம்பர் 1-ல்தான் அமலுக்கு வந்தது. அதனால பழைய பெயிண்ட்டை நனைச்சுச் சுரண்டுங்க, மாஸ்க் போடுங்க. குழந்தைகள் அந்த ரூம்ல இருக்க வேண்டாம்.

4. வாடகை வீடா?

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22-ல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதாத வரைக்கும், கட்டட அமைப்பு ரிப்பேரும் வெள்ளையடிப்பும் வீட்டு ஓனர் பொறுப்பு. நம்மால வந்த சேதம் மட்டும் நம்ம தலையில. போட்டோவோட எழுத்துல கேளுங்க. அவர் மறுத்தா, நாமே செஞ்சு வாடகையில கழிக்கலாம். ஆனா ஒரு மாசத்துல பாதி வாடகைக்கு மேல கழிக்க முடியாது. பில்லைப் பத்திரமா வெச்சுக்கோங்க.

5. காசுக்கு வழி?

சொந்த வீடுன்னா, இதுக்காகப் பர்சனல் லோன் வேண்டாம். கம்பி தெரியற நிலைமைன்னா எமர்ஜென்சி ஃபண்டை எடுங்க, அது இதுக்குத்தான் இருக்கு. வெறும் கசிவுதான்னா, டிசம்பர்லயிருந்து மாசம் 2,000 ரூபாய் தனியா ஒதுக்குங்க. மே மாசம் கையில 12,000 இருக்கும், மாடியும் காய்ஞ்சிருக்கும்.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு பத்து நிமிஷம் மொட்டைமாடிக்குப் போய்ட்டு வாங்க. வடிகுழாய் வாயில கிடக்கற இலை தழையை எடுத்துப் போட்டாலே, முதல் வேலை காசில்லாம முடிஞ்சுது.