மஞ்சள் மீட்டருக்குள் ஒரு மில்லிவோல்ட் மானி

பேட்டரி மூக்கில், எஞ்சின் பின்னால். பர்ட் ருட்டன் வடிவமைத்து 1979-இல் முதன்முதலாகப் பறந்த லாங்-ஈசி என்ற இரண்டு இருக்கை விமானத்தின் அமைப்பு அது. கண்ணாடி இழையும் பிசினும் கொண்டு வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிக்கொள்ளலாம். கையால் காற்றாடியைச் சுழற்றியே அதைக் கிளப்பியவர்கள் பலர். ஸ்டார்ட்டர் மோட்டார் பொருத்திக்கொண்டவர்களும் உண்டு. அப்படிப் பொருத்திய ஒரு விமானத்தில் பொத்தானை அழுத்தியதும் காற்றாடி அரைச் சுற்று திணறிவிட்டு நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்தால் 12.7 வோல்ட், முழுச் சார்ஜ். கேபிளின் இரு முனைகளையும் தொட்டால் பீப் அடிக்கிறது. ஓம் அளவில் 0.3 காட்டுகிறது, இரண்டு ப்ரோப்களையும் ஒன்றோடொன்று தொட்டாலும் அதே 0.3 தான். மீட்டரைக் கேட்டால் எல்லாம் சரி. எஞ்சின் மட்டும் கிளம்பவில்லை.

இந்தக் கட்டத்தில்தான் பலர் விலை உயர்ந்த மீட்டரைத் தேடத் தொடங்குகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற, டிடி-830 வகையைச் சேர்ந்த மஞ்சள் மீட்டர் போதும். அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரைட் என்ற கருவிக் கடைகள் இதே போன்ற மீட்டரைக் கூப்பனுக்கு இலவசமாகவே பல ஆண்டுகள் கொடுத்துவந்தன. அதன் குமிழில் உள்ள அளவுகளில் எதை நம்பலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சொந்தமாக விமானம் கட்டுவது அமெரிக்காவில் சிறுபான்மையினரின் பித்து என்றாலும் அந்தச் சிறுபான்மை பெரியது. 1953-இல் மில்வாக்கியில் பால் போபெரெஸ்னி தொடங்கிய இ.ஏ.ஏ. என்ற சங்கம் அவர்களை ஒன்றுசேர்த்தது. 1970 முதல் விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷ் நகரில் ஆண்டுதோறும் அவர்களின் விழா நடக்கிறது. ரிச்சர்ட் வான்குருன்ஸ்வன் வடிவமைத்த ஆர்.வி. வரிசை விமானங்கள் மட்டுமே பத்தாயிரத்துக்கும் மேல் பறந்திருக்கின்றன. விமானத்தின் பெரும்பகுதியைத் தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டியவருக்கு அந்நாட்டுச் சட்டம் பறக்கும் அனுமதி தருகிறது. கல்வி என்ற அந்தச் சொல்லை நான் மிகவும் மதிக்கிறேன். தச்சு, தகரம், பிசின் வேலைகளையெல்லாம் ஆர்வத்தோடு கற்றுக்கொள்பவர்கள் வயரிங் என்றதும் தயங்குகிறார்கள். மின்சாரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைக் காட்டித்தரும் ஒரே கருவி மீட்டர்.

அந்த மஞ்சள் பெட்டியைத் திறந்தால் உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. கருப்புப் பிசின் பொட்டுக்கு அடியில் ஒரு சில்லு. அதைச் சுற்றிச் சில மின்தடைகள், மின்தேக்கிகள். 1970களில் இன்டர்சில் நிறுவனம் கொண்டுவந்த ஐ.சி.எல். 7106 என்ற சில்லின் வழிவந்தது அது. இவ்வளவு மலிவான பாகங்களை வைத்துக்கொண்டு நூற்றில் அரைப் பங்குப் பிழைக்குள் வோல்ட்டை எப்படி அளக்க முடிகிறது?

வேகம் தெரியாத ஒரு குழாயடியில் குடத்தை வைத்து, ஆயிரம் எண்ணும் வரை நீர் பிடிக்கிறீர்கள். பிறகு வேகம் தெரிந்த ஒரு துளை வழியாக அதை வடியவிட்டு, குடம் காலியாகும் வரை மீண்டும் எண்ணுகிறீர்கள். இரண்டாவது எண்ணிக்கை ஆயிரத்தைப் போல எத்தனை மடங்கோ, துளையின் வேகத்தைப் போல அத்தனை மடங்கு குழாயின் வேகம். குடம் பெரிதா சிறிதா என்பது கணக்கிலேயே வராது. நீங்கள் நிதானமாக எண்ணினாலும் விரைவாக எண்ணினாலும், இரண்டு முறையும் ஒரே வேகத்தில் எண்ணினால் விடை மாறாது. சில்லும் இதையே செய்கிறது. அளக்க வேண்டிய மின்னழுத்தத்தால் ஒரு மின்தேக்கியை ஆயிரம் துடிப்புகளுக்கு நிரப்புகிறது. தனக்குத் தெரிந்த 100 மில்லிவோல்ட்டைக் கொண்டு அதை வடிக்கிறது. வடியும் வரை துடிப்புகளை எண்ணுகிறது. அந்த எண்ணே திரையில் தெரிகிறது. மின்தேக்கியும் மலிவு, துடிப்பு தரும் சுற்றும் மலிவு. இரண்டின் பிழைகளும் வகுத்தலில் அடிபட்டுப் போகின்றன. 100 மில்லிவோல்ட் மட்டும் சரியாக இருந்தால் போதும். மின் அளவியலில் எனக்குத் தெரிந்த மிக அழகான யோசனைகளில் இது ஒன்று. சுமார் மூன்றில் ஒரு நொடிக்கு ஒருமுறை இது நடந்துகொண்டே இருக்கிறது.

ஆக, சில்லுக்கு நேரடியாக அளக்கத் தெரிந்தது 200 மில்லிவோல்ட் வரையிலான நேர்மின்னழுத்தம் மட்டுமே. அதை 0.1 மில்லிவோல்ட் வரை பிரித்துக் காட்டும். குமிழில் எழுதியிருக்கும் மற்ற எல்லா அளவுகளும் அதன்மேல் கட்டிய ஒட்டுவேலை. 20 வோல்ட் அளவென்றால், வந்த மின்னழுத்தத்தை நூறில் ஒன்றாகக் குறைத்துச் சில்லிடம் கொடுக்கிறது. 10 ஆம்பியர் அளவென்றால், தடித்த கம்பித் துண்டு ஒன்றில் மின்னோட்டத்தைப் பாயவிட்டு, அதன் இரு முனைகளுக்கு இடையே உள்ள மில்லிவோல்ட்டைப் படிக்கிறது. அந்தக் கருவி பிறவியிலேயே எதில் கெட்டியோ, அதுவே விமானக்காரருக்கு மிகவும் தேவையானது.

லாங்-ஈசிக்குத் திரும்புவோம். ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்னோட்டம் 200 ஆம்பியர் அளவுக்குப் போகும். உலோக விமானத்தில் உடலே திரும்பும் பாதையாகிவிடும். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆகவே மூக்கிலிருந்து எஞ்சினுக்குப் போக ஒரு கேபிள், திரும்பி வர ஒரு கேபிள். பக்கத்துக்கு 4 மீட்டர் என்றால் மொத்தம் 8 மீட்டர். அமெரிக்க அளவில் 4-ஆம் எண் செப்புக் கேபிளுக்கு மீட்டருக்கு 0.8 மில்லியோம் தடை. எட்டு மீட்டருக்கு ஆறரை மில்லியோம். 200 ஆம்பியரில் 1.3 வோல்ட் அங்கேயே போய்விடுகிறது. இதோடு எங்கேயோ கேபிள் முனையின் லக் ஒன்று சரியாக அழுத்தப்படாமல் 10 மில்லியோம் கூடினால் இன்னொரு 2 வோல்ட் காணாமல் போகும். அந்தச் சின்ன இணைப்பில் 400 வாட் சூடு கிளம்பும். இந்த 10 மில்லியோம் என்பது 0.01 ஓம். மீட்டரின் ஓம் அளவில் கடைசி இலக்கமே 0.1 ஓம், ப்ரோப் வயர்களின் தடை அதைவிட அதிகம். கேபிள் சரி என்று மீட்டர் சொன்னது பொய்யல்ல. அந்தக் கேள்விக்கு அதனால் அவ்வளவுதான் சொல்ல முடியும்.

குமிழை ஓமிலிருந்து வோல்ட்டுக்குத் திருப்புங்கள். எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும், எரிபொருள் அடைத்திருக்க வேண்டும், காற்றாடியின் பக்கம் யாரும் இருக்கக்கூடாது. ஒரு முனையை முதலைக் கிளிப்பால் ஸ்டார்ட்டரின் போல்ட்டில் மாட்டி, நீளமான வயர் ஒன்றை மூக்குவரை இழுத்து வாருங்கள். மறுமுனை பேட்டரியின் அதே பக்கத்து முனையில். இப்போது வேறொருவர் உள்ளே அமர்ந்து இரண்டு மூன்று நொடி ஸ்டார்ட்டரை அழுத்தட்டும். திரையில் தெரிவது அந்தப் பாதை தின்றுவிடும் வோல்ட். பிறகு பாதையைப் பகுதிகளாகப் பிரித்து அளவெடுங்கள்: பேட்டரி முதல் ஸ்டார்ட்டருக்கான சுவிட்சான கான்டாக்டர் வரை, கான்டாக்டருக்குக் குறுக்கே, அங்கிருந்து ஸ்டார்ட்டர் வரை. திருடன் எந்த இணைப்பில் இருக்கிறான் என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். நீங்கள் இழுத்து வந்த வயர் எவ்வளவு மெல்லியதானாலும் கவலையில்லை. அதில் பாய்வது மைக்ரோஆம்பியர் கணக்கில்தான். அதன் தடை விடையைத் தொடாது.

மின்னோட்டத்தைச் சுமக்கும் பாதை வேறு, மின்னழுத்தத்தைப் பார்க்கும் பாதை வேறு என்று பிரித்துவிடும் இந்த உத்தியை 19-ஆம் நூற்றாண்டில் வில்லியம் தாம்சன், அதாவது கெல்வின் பிரபு, தன் பால அமைப்பில் பயன்படுத்தினார். ஆய்வகங்கள் மில்லியோமை இன்றும் இப்படித்தான் அளக்கின்றன. பேனலுக்குப் பின்னால் போகும் மெல்லிய வயர்களுக்கும் இது பொருந்தும். ஒரு சிறிய பவர் சப்ளையிலிருந்து கிரிம்ப் இணைப்பு வழியாக 1 ஆம்பியரைப் பாயவிட்டால், இணைப்புக்குக் குறுக்கே தெரியும் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் ஒரு மில்லியோம். ஓம் அளவில் 0.1 ஓம் வரை மட்டுமே பார்க்கத் தெரிந்த அதே கருவி, இப்போது 0.0001 ஓம் வரை பார்க்கிறது. ஆயிரம் மடங்கு கூர்மை, காசு செலவில்லாமல். விமானத்துக்கான 22-ஆம் எண் வயரில் 19 இழைகள் இருக்கும். வயரை உரிக்கும்போது பதினெட்டு அறுந்து ஒன்று மட்டும் தப்பினாலும் பீப் அடிக்கும். எஞ்சினின் அதிர்வில் அந்த ஒன்று எத்தனை மணி நேரம் தாங்கும்? பத்து இணைப்புகளை வரிசையாக மில்லிவோல்ட்டில் பார்த்தால் அப்படிப்பட்ட இணைப்பு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

மின்னோட்டத்தை அளக்கவும் இதே அளவே கைகொடுக்கும். பல சிறு விமானங்களில் அம்மீட்டருக்காக ஒரு ஷன்ட் பொருத்தியிருப்பார்கள். முழு அளவு ஓட்டத்தில் 50 மில்லிவோல்ட் தருமாறு செய்த உலோகப் பட்டை அது. 60 ஆம்பியர் ஷன்ட் என்றால் 1 மில்லிவோல்ட்டுக்கு 1.2 ஆம்பியர். ப்ரோப்களை அதன் மேல் வைத்துப் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான். மீட்டரின் 10 ஆம்பியர் துளையை விமானத்தில் பயன்படுத்தவே வேண்டாம்; இன்சுலேஷன் டேப் ஒட்டி மூடிவிடுங்கள் என்றே சொல்வேன். மலிவு மீட்டர்களில் அந்தத் துளைக்குப் பெரும்பாலும் ஃபியூஸ் கிடையாது. ப்ரோப் அங்கே செருகியிருப்பதை மறந்து வோல்ட் பார்க்கப் பேட்டரியைத் தொட்டால், தாங்க முடியாத அளவு மின்னோட்டம் அந்த மெல்லிய வயர் வழியே பாயும். கை சுடும், தீயும் பிடிக்கலாம்.

இந்த மீட்டரை வீட்டின் 230 வோல்ட் மெயின் பக்கம் கொண்டுபோகவே கூடாது. அங்கே பிழை நேர்ந்தால் தாங்குவதற்கான ஃபியூஸும் இடைவெளியும் காப்பும் இதில் இல்லை. விமானத்தின் 14 வோல்ட்டில் அந்த ஆபத்து இல்லாததால்தான் இதைத் துணிந்து பரிந்துரைக்க முடிகிறது.

ஏ.சி. அளவும் விமானத்துக்கு உதவாது. ஒரு டயோடு வைத்து அரை அலையை மட்டும் எடுத்துக் கணக்குப் போடும் அமைப்பு அது. அந்த அளவில் 12 வோல்ட் பேட்டரியைத் தொட்டால் ஒரு பக்கம் 26 போலவும், ப்ரோப்களை மாற்றினால் பூஜ்யமாகவும் காட்டும். ஆல்டர்நேட்டரின் டயோடு பழுதாகி மின்சாரத்தில் அலை கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், ஏ.சி. மில்லிவோல்ட் அளவுள்ள கொஞ்சம் நல்ல மீட்டர் வேண்டும்.

உள்ளிருக்கும் 9 வோல்ட் பேட்டரியையும் கவனிக்க வேண்டும். அது சுமார் 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், சில்லு அளவுகோலாக வைத்திருக்கும் 100 மில்லிவோல்ட்டும் சேர்ந்து இறங்கும். அளவுகோல் சுருங்கினால் அளவு கூடும். ஆல்டர்நேட்டர் ஒழுங்காக 14.2 தந்துகொண்டிருக்க, மீட்டர் 15-ஐத் தாண்டிக் காட்டும். நல்ல ரெகுலேட்டரைக் கழற்றி எறிய வேண்டிவரும். சந்தேகம் வந்தால் புதிய பென்சில் செல் ஒன்றை அளந்து பாருங்கள், 1.6-ஐ ஒட்டி இருக்க வேண்டும்.

சுமை இல்லாமல் எடுக்கும் வோல்ட் கணக்கிலும் ஒரு மயக்கம் உண்டு. 100 வாட் தரையிறங்கு விளக்கு எரியவில்லை. பல்பைக் கழற்றி சாக்கெட்டில் மீட்டரை வைத்தால் 12 வோல்ட் வருகிறது. பல்பு போய்விட்டது என்று முடிவு செய்கிறீர்கள். வழியில் பச்சை பூத்த ஓர் இணைப்பு பத்தாயிரம் ஓம் தடையோடு இருக்கலாம். பத்து லட்சம் ஓம் கொண்ட மீட்டருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. 8 ஆம்பியர் கேட்கும் பல்புக்கு அது மூடிய கதவு. விலை உயர்ந்த மீட்டரின் உள்தடை கோடி ஓம். அதில் இந்த மயக்கம் இன்னும் அதிகம். பல்பை மாட்டிய நிலையில், சுவிட்சைப் போட்டுவிட்டு அளப்பதே சரி.

கொஞ்சம் பணம் செலவிடலாம் என்பவருக்கு நான் சொல்வது இரண்டாவதாக ஒரு கருவி: நேர்மின்னோட்டத்தையும் அளக்கும் கிளாம்ப் மீட்டர். யூ.என்.ஐ-டி நிறுவனத்தின் யூ.டி. 210-இ போன்ற சிறிய கிளாம்ப், வயரை வெட்டாமல் சுற்றிப் பிடித்தே மில்லிஆம்பியர் கணக்கில் படிக்கும். கொட்டகையில் நிற்கும் விமானத்தின் பேட்டரியை எந்தக் கருவி மெல்லக் குடிக்கிறது என்று கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை. வயரைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தை அதிலிருக்கும் ஹால் உணரி பார்க்கிறது. அது பூமியின் காந்தப்புலத்தையும் சேர்த்தே உணரும். கிளாம்பை வேறு திசைக்குத் திருப்பினாலே கடைசி இலக்கங்கள் நகரும். எந்த நிலையில் அளக்கப் போகிறீர்களோ அதே நிலையில் பிடித்துப் பூஜ்யமாக்கிய பிறகே வயரைச் சுற்றிப் பிடிக்க வேண்டும்.

எந்த விலை மீட்டரானாலும் ஏமாறும் இடம் மேக்னெட்டோ. எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் இந்தக் கருவிக்குப் பேட்டரியே தேவையில்லை. அதை அணைக்க ஒரே வழி, பி-லீட் என்ற வயரைச் சுவிட்ச் வழியாக எஞ்சினின் உடலோடு சேர்ப்பது. அந்த வயர் அறுந்துபோனால், சுவிட்ச் அணைந்திருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடுதான் இருக்கும். காற்றாடியைக் கையால் நகர்த்தினாலே எஞ்சின் ஒருமுறை வெடித்துச் சுழலலாம். வயர் சரியாக இருக்கிறதா என்று மீட்டரை வைத்தால், சுவிட்ச் எந்த நிலையில் இருந்தாலும் பீப் அடிக்கும். மேக்னெட்டோவின் உள்சுருளின் தடை மிகக் குறைவு. மீட்டர் கேட்பது அந்தச் சுருளின் வழியாகப் போகும் பாதையை.

சோதிக்க வேண்டுமானால் பி-லீட்டை மேக்னெட்டோவிலிருந்து கழற்ற வேண்டும். கழற்றிய கணத்தில் மேக்னெட்டோ உயிர்பெற்றுவிடுகிறது. அதை மீண்டும் மாட்டும் வரை காற்றாடியைத் தொடவே கூடாது. கழற்றிய வயரின் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே, சுவிட்ச் அணைந்த நிலையில் பூஜ்யத்தை ஒட்டியும் போட்ட நிலையில் பாதையே இல்லாமலும் காட்ட வேண்டும். மாட்டிய பிறகு அந்த இணைப்பு பிடித்திருக்கிறதா என்பதைச் சொல்ல எஞ்சின்தான் வேண்டும். பறந்து இறங்கி வந்த விமானி எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, சுவிட்சை ஒரு கணம் அணைத்துப் பார்க்கிறார். எஞ்சின் உடனே தளர்ந்தால் வயர் சரி. தளராமல் ஓடிக்கொண்டே இருந்தால், எரிபொருளை அடைத்து நிறுத்திவிட்டு, காற்றாடியில் எச்சரிக்கை அட்டை தொங்கவிட்டபின்தான் மீட்டரை எடுக்க வேண்டும்.