கொலஸ்ட்ரால் துகள்: பருமனா, எண்ணிக்கையா?

கொலஸ்ட்ரால் நீரில் கரையாது. இரத்தத்தில் அது தனியாக ஓடவும் முடியாது. புரதம் போர்த்திய நுண்துகள்களே அதைச் சுமந்து செல்கின்றன. 'கெட்ட கொலஸ்ட்ரால்' என்று பெயர் வாங்கிய எல்.டி.எல். அத்தகைய துகள்தான். அதன் விட்டம் ஏறத்தாழ 18 முதல் 27 நானோமீட்டர் வரை இருக்கும். வழக்கமான இரத்தப் பரிசோதனை இந்தத் துகள்களில் ஏற்றப்பட்ட கொலஸ்ட்ராலின் மொத்த எடையை மட்டுமே சொல்கிறது. ஒரே எடையைச் சுமக்கப் பெரிய துகள்கள் குறைவாக இருந்தால் போதும்; சிறியவை என்றால் கூடுதலாக வேண்டும். பரிசோதனைத் தாளிலோ பெரிய துகள் உள்ளவருக்கும் சிறிய துகள் உள்ளவருக்கும் ஒரே எண்தான் வரும்.

சிறிய, அடர்ந்த துகள்கள் மிகுந்தவர்களுக்கு மாரடைப்பு அபாயம் சுமார் மூன்று மடங்கு என்று அமெரிக்காவில் மெலிசா ஆஸ்டின், ரொனால்ட் கிராஸ் குழுவினர் 1988இல் தெரிவித்தனர். சிறிய துகள் தமனிச் சுவருக்குள் எளிதில் நுழைகிறது, அங்கே விரைவில் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. கல்லீரல் அதை மெதுவாகவே திரும்ப எடுத்துக்கொள்வதால் இரத்தத்திலும் நெடுநேரம் சுற்றுகிறது.

துகள் சிறுப்பதற்கு மூலம் பெரும்பாலும் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு. வயிற்றுக் கொழுப்பும் இன்சுலின் எதிர்ப்பும் உள்ளவர்களின் கல்லீரல் ட்ரைகிளிசரைடை மிகுதியாக வெளியிடுகிறது. அது எல்.டி.எல். துகளுக்குள் புகுந்து, மாற்றாகக் கொலஸ்ட்ராலை வெளியேற்றுகிறது. பிறகு நொதி ஒன்று அந்த ட்ரைகிளிசரைடைச் சிதைத்துவிட, துகள் சுருங்கிவிடுகிறது.

தெற்காசியர்களிடம் இந்த அமைப்பு அதிகம். எல்.டி.எல். எண் மிதமாகவே இருக்கும். ட்ரைகிளிசரைடு கூடுதலாகவும் நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். குறைவாகவும் இருக்கும். சென்னையில் நடந்த க்யூர்ஸ் ஆய்வும் சிறிய அடர்ந்த துகள்களை நீரிழிவோடும் இதயத் தமனி நோயோடும் தொடர்புபடுத்தியது. 52 நாடுகளை உள்ளடக்கிய இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது. மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59. இந்த ஆறு ஆண்டு இடைவெளி சாதாரணமானதல்ல. புகைபிடித்தல், நீரிழிவு போன்றவை இளம் வயதிலேயே மிகுந்திருந்ததும் அதற்குப் பெரிய காரணம்; துகளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் நிலை இதற்கு நேர்மாறு. அவர்களுக்குப் பொதுவாக ட்ரைகிளிசரைடு குறைவு, எல்.டி.எல். துகள்கள் பெரியவை. ஆனாலும் இதய நோயால் இறப்போர் விகிதம் வெள்ளையரைவிட அவர்களிடம் அதிகம். உயர் இரத்த அழுத்தமும் சிகிச்சை கிடைப்பதில் உள்ள ஏற்றத்தாழ்வும் அங்கே குறுக்கிடுகின்றன. பெரிய துகள் மட்டுமே பாதுகாப்புக் கவசம் ஆகிவிடாது என்பதை இது உணர்த்துகிறது.

வெள்ளையர், கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், சீனர் என 6,814 பேருடன் 2000இல் தொடங்கிய மெசா ஆய்வும் இதையே காட்டியது. சிறியதோ பெரியதோ, துகள்கள் எண்ணிக்கையில் கூடினால் கழுத்துத் தமனிச் சுவர் தடிக்கிறது.

ஒவ்வொரு எல்.டி.எல். துகளிலும் அப்போ-பி என்ற புரதம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதை அளந்தால் துகள்களை எண்ணியதாகிவிடும். அதற்குப் பட்டினி கிடக்கவும் தேவையில்லை. அந்த வசதி இல்லாதவர்கள் மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல். அளவைக் கழித்துப் பார்க்கலாம். வழக்கமான பரிசோதனைத் தாளிலேயே இரண்டு எண்களும் இருக்கும்.