ருசி முடிவாகும் இடம்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பிக் கொட்டை வாங்கப் போகிறவர்கள் டிசம்பர், ஜனவரியில் போவது நல்லது. கீழ்ப்பழனி மலையில் அராபிகா பழம் எடுப்பு மும்முரமாக நடக்கும் மாதங்கள் அவை. காயவைத்து மூட்டை கட்டிய பிறகு போனால், கொட்டை எப்படி உருவானது என்பதைப் பார்க்க வழியில்லை.

முதலில் பார்க்க வேண்டியது பழக்கூடையை. மார்ச், ஏப்ரலில் கோடைமழை தவணை தவணையாகப் பெய்தால் பூவும் தவணையாகத்தான் பூக்கும். எட்டு, ஒன்பது மாதம் கழித்து ஒரே கொப்பில் பச்சைக்காயும் செங்காயும் சிவந்த பழமும் சேர்ந்து நிற்கும். பச்சைக்காயில் சர்க்கரை குறைவு. அதன் கொட்டை வறுக்கும்போது நிறம் ஏறாமல் வெளிறிக் கிடக்கும். பச்சை வேர்க்கடலை வாடையைக் காப்பியில் ஏற்றிவிடும். எனவே ஒரே செடிக்கு மூன்று, நான்கு முறை ஆள் வர வேண்டும்.

கிலோக் கணக்கில் கூலி தரும் தோட்டத்தில், கொப்பை ஒரேயடியாக உருவுகிறவருக்குத்தான் சம்பளம் கூடும். பழுத்ததை மட்டும் தேடித் திருகி எடுக்கும் பெண்ணுக்குச் சாயங்காலம் எடை குறையும். உயர்தரக் கொட்டை கேட்டு வருகிறவர், தான் தரும் கூடுதல் விலையில் அந்தப் பெண்ணின் கைக்கு எவ்வளவு போகிறது என்றும் கேட்க வேண்டும். தரம் என்ற பேச்சே அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பேன்.

பறித்த பழத்தை அன்றே பல்ப்பரில் விட்டுத் தோல் நீக்க வேண்டும். அதன் பிறகும் கொட்டையைச் சுற்றி வழுவழுப்பான பசை ஒட்டியிருக்கும். தொட்டியில் கிடக்கும்போது நுண்ணுயிர்கள் அந்தப் பசையின் பெக்டினைச் சிதைக்கின்றன. குளிர் கூடினால் இதற்கு நேரமும் கூடும். கடிகாரத்தை மட்டும் நம்ப முடியாது. அனுபவசாலி ஒருவர் ஒரு பிடி அள்ளித் தண்ணீரில் கசக்குவார். வழுக்கினால் இன்னும் ஆகவில்லை. நறநறவென்று உரசினால் கழுவிவிடலாம். அந்தப் பதத்தைத் தவறவிட்டால் புளிப்பு வாடை கொட்டைக்குள் இறங்கிவிடும். எந்த வறுவலும் அதை எடுக்காது.

அடுத்தது கழுவிய கொட்டையைக் காயவைக்கும் களம். ஈரப்பதம் 10 முதல் 12 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை நீண்டுவிட்டால் முதல் பறிப்பு பூஞ்சை பிடிக்கும். கொளுத்தும் வெயிலில் அவசரமாகக் காயவைத்தாலோ கொட்டையை மூடியிருக்கும் பார்ச்மெண்ட் ஓடு வெடித்துவிடும். மெல்லிய அடுக்காகப் பரப்பி அடிக்கடி கிளறிவிடும் தோட்டம் கண்ணில் பட்டால் அங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

கடைசியில் சுவைத்துப் பார்ப்பது. பாலும் சிக்கரியும் கிடையாது. 150 மில்லி வெந்நீருக்கு 8.25 கிராம் தூள். நான்கு நிமிடம் கழித்து மேலே திரண்ட தூளைக் கரண்டியால் உடைத்து முகர்ந்து, ஆறியதும் உறிஞ்சுவார்கள். 100க்கு 80 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் வாங்கினால் ஸ்பெஷாலிட்டி ரகம். ஒரே கொட்டையை ஐந்து கோப்பைகளில், ஒவ்வொன்றுக்கும் தனியாக எடைபோட்டு அரைத்து வைப்பார்கள். ஒரு கெட்ட கொட்டை இருந்தாலும் ஒரு கோப்பை காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தக் கெட்ட கொட்டை எங்கிருந்து வந்தது என்று தேட, எந்த நாள், எந்தச் சரிவில் பறித்தது என்று எழுதித் தனித்தனி மூட்டையாக வைத்திருக்க வேண்டும். சிறு தோட்டக்காரருக்கு இது பெரிய கூடுதல் வேலை. அதைச் செய்கிறவரிடம் ஓராண்டு மழையில் தரம் சற்று இறங்கினாலும், அடுத்த பருவத்துக்கும் அவரிடமே போய் வாங்குகிற வியாபாரிகள் கூட வேண்டும்.