எடை குறைக்கும் தூளும் வீட்டுச் சோற்றுத் தட்டும்

தோட்டத்து லயங்களிலும், தோட்டத்தை விட்டு வந்து நம்மவர் குடியேறிய தாமான்களிலும் ஒரு சரக்கு வாசற்படி ஏறி வருகிறது. காப்பித் தூளாக வரும், குளிகையாக வரும், வயிற்றில் கட்டிக்கொள்ளும் பட்டையாகவும் வரும். "ஏழே நாளில் ஏழு கிலோ குறையும்" என்று சொல்லி விற்பார்கள். கொண்டு வருபவரும் முன்பின் தெரியாதவர் அல்லர். பக்கத்து லயத்து அக்காவாகவோ, சீட்டுப் பிடிக்கும் அம்மாவாகவோ இருப்பார். மறுக்க மனம் வருவதில்லை. சம்பளத்தில் ஒரு பகுதியைத் தவணையாகக் கொடுத்து வாங்கிவிடுகிறோம். அந்தப் பணத்துக்கு என்னதான் கிடைக்கிறது என்பதை இன்று நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உடம்பில் சேர்ந்துள்ள ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி சக்தி அடங்கியிருக்கிறது. வீட்டு வேலைகளைக் கவனிக்கும் ஒரு பெண்மணி நாளொன்றுக்குச் செலவழிப்பது சுமார் 2,000 கலோரி. அவர் பச்சைத் தண்ணீரை மட்டும் குடித்து ஏழு நாள் பட்டினி கிடந்தாலும் செலவாவது 14,000 கலோரிதான். அதற்கு இரண்டு கிலோ கொழுப்புகூடக் கரையாது. அப்படியிருக்க, ஏழு கிலோ எங்கிருந்து போகும்? முதல் வாரத்தில் பெரும்பாலும் போவது தண்ணீர்தான். பேதி மருந்தும், சிறுநீரை அதிகமாக்கும் மருந்தும் உடம்பின் நீரை வெளியேற்றுகின்றன. வியர்க்க வைக்கும் பட்டையும் அதையே செய்கிறது. தராசு முள் இறங்கும், வாங்கியவர் மகிழ்வார், தாகத்துக்கு வயிறாரக் குடித்த மறுநாள் முள் பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

பணம் போனதோடு விட்டால்கூடத் தேவலை. சில தூள்களில் உறையில் எழுதாத மருந்து கலந்திருப்பதுதான் ஆபத்து. சிபுட்ராமின் என்று ஒரு மருந்து இருந்தது. பசியை அடக்கும். ஒரு காலத்தில் மருத்துவர்களே எழுதிக் கொடுத்தார்கள். இருதய நோயுள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதனால் கூடுகின்றன என்று தெரிந்ததும், 2010ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதை விற்பனையிலிருந்து விலக்கினார்கள். ஆனால் அதற்குப் பிறகும் "மூலிகைக் காப்பி" என்ற பெயரில் விற்கப்படும் பொட்டலங்களில் அது ஒளிந்திருப்பதை நம் நாட்டுச் சுகாதார அமைச்சு பல தடவை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. குடித்தவருக்கு நெஞ்சு படபடக்கும், நா வறளும், இரவில் உறக்கம் வராது. "மருந்து வேலை செய்கிறது" என்று விற்றவர் தைரியம் சொல்வார். இரத்த அழுத்தம் இருப்பது தெரியாமலே நடமாடும் நம்மவர் எத்தனை பேர்! அவர்கள் இதைக் குடித்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

2002ஆம் ஆண்டு அண்டை நாடான சிங்கப்பூரில் நடந்தது பலருக்கு நினைவிருக்கலாம். மெலிவதற்கான குளிகை ஒன்றைச் சாப்பிட்ட தொலைக்காட்சி நடிகை ஒருவரின் கல்லீரல் செயலிழந்தது. அவரை மணக்கவிருந்தவர் தம் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்துக் காப்பாற்றினார். அதே குளிகையைச் சாப்பிட்ட இன்னொரு பெண்மணி உயிரிழந்தார். அதற்குள் இருந்தது, இருதய வால்வுகளைக் கெடுப்பதாக 1997இல் விலக்கப்பட்ட ஃபென்ஃபுளூரமின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பொருள்.

அப்படியானால் எடை குறைக்கும் மருந்தே உலகில் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஓர்லிஸ்டாட் என்னும் மாத்திரை, உண்ட கொழுப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உடம்பில் சேராமல் தடுக்கும். ஓராண்டில் கூடுதலாகக் குறைவது சராசரியாக மூன்று கிலோ அளவே. அண்மையில் வந்த செமாகுளுடைட் என்னும் வாராந்தர ஊசி இன்னும் வலுவானது. 2021இல் வெளியான ஆய்வில், அதைப் போட்டுக்கொண்டவர்கள் 68 வாரங்களில் சராசரியாகத் தங்கள் எடையில் 15 விழுக்காடு குறைந்தார்கள். பொய்யில்லை. ஆனால் ஊசியை நிறுத்திய ஓராண்டுக்குள், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. இரத்த அழுத்த மாத்திரையைப் போல் தொடர்ந்து எடுக்கவேண்டிய மருந்து அது. விலையோ நம் சம்பளத்துக்கு எட்டாதது. யாருக்குத் தேவை என்பதை மருத்துவர்தான் சொல்லவேண்டும். வாசலில் கொண்டு வந்து விற்கும் சரக்கு அல்ல.

நம்மவர் ஏன் பருத்தார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். "சோம்பேறிகள்" என்று சொல்லிவிடுவது சுலபம். அது நியாயமும் அல்ல. இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், ஐந்நூறு மரங்களுக்குக் குறையாமல் ஒவ்வொன்றாக நடந்து வெட்டி, பிறகு அத்தனை மரத்திலும் பால் எடுத்துச் சுமந்து வந்த உடம்புக்கு ஒரு தட்டு நிறையச் சோறு வேண்டியிருந்தது. அந்தச் சோறு அந்த நடையிலேயே செலவாயிற்று. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் பஸ் ஏறினார்கள். நாள் முழுவதும் ஒரே இடத்தில் நின்று அல்லது உட்கார்ந்து வேலை. கடைக்குப் போக மோட்டார் சைக்கிள். நடை போய்விட்டது, தட்டு மட்டும் அதே அளவில் இருக்கிறது. போதாததற்கு டின் பால் தேநீரும் சேர்ந்துகொண்டது. ஒரு கிளாசுக்கு இரண்டு மேசைக்கரண்டி டின் பால் என்றால் சுமார் 130 கலோரி. நாளுக்கு நான்கு கிளாஸ் குடிப்பவர், பசியாறுவதற்கு முன்னும் பின்னுமாக 500 கலோரிக்கு மேல் குடித்துவிடுகிறார். ஒரு நாள் தேவையில் கால் பங்கு! வயிறு நிறைந்த உணர்வும் கிடையாது.

இந்த வேரைத் தொட்டால் என்ன பலன் என்பதற்குச் சான்று உண்டு. நீரிழிவின் விளிம்பில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. வாரம் 150 நிமிட நடை, உணவில் மட்டு, உடல் எடையில் 7 விழுக்காடு குறைக்க முயற்சி, இவ்வளவுதான் சொன்னார்கள். எண்பது கிலோ உள்ளவருக்கு ஐந்தரைக் கிலோ. ஏழு நாளில் அல்ல, மாதக்கணக்கில். இவர்களிடையே நீரிழிவு 58 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களிடம் 31 விழுக்காடுதான். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது, இவர்களுக்கும் இழந்த எடையில் பெரும்பகுதி மெல்லத் திரும்பியிருந்தது. அதை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் நீரிழிவு 34 விழுக்காடு குறைவாகவே இருந்தது.

சென்னையில் நம் இனத்தவரிடையே நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. அங்கேயும் நடையாலும் உணவு மாற்றத்தாலும் நீரிழிவு 28 விழுக்காட்டுக்குச் சற்று மேலாகக் குறைந்தது. வியப்பு என்னவென்றால், அவர்களுடைய எடை பெரிதாக இறங்கவே இல்லை. தராசு அசையாதபோதும் உள்ளே நன்மை நடந்துகொண்டிருந்தது. ஒரு மாதம் நடந்துவிட்டு "ஒன்றும் குறையவில்லையே" என்று விட்டுவிடுகிறவர்கள் இதை மனத்தில் வைக்கவேண்டும். மலேசியாவில் நீரிழிவால் மிகுதியாகப் பீடிக்கப்பட்டிருப்பவர் நம் இந்தியர்களே. கால் எடுக்கப்பட்டு வீட்டில் முடங்கியிருப்பவரை நாம் எல்லோரும் அறிவோம்.

வீட்டில் மாற்றம் ஒருவருக்காக மட்டும் என்றால் நிலைக்காது. அம்மாவுக்குத் தனிச் சமையல், மற்றவர்களுக்குப் பழையபடி என்பது இரண்டு வாரம்கூடத் தாங்காது. கெண்டியில் கலக்கும் தேநீரிலேயே டின் பாலைப் பாதியாக்குங்கள். நாளடைவில் நாக்கு பழகிவிடும். சுகாதார அமைச்சு சொல்லும் கால், கால், அரை முறை எளிது: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ முட்டையோ, பாதி கீரையும் காய்கறியும் பழமும். முருங்கையும் கங்கோங் கீரையும் வீட்டோரம் வளரக்கூடியவை, காசு வேண்டாம். தீபாவளியன்று பலகாரம் தின்று எவரும் பருத்ததில்லை. பலகார டின் காலியாகும்வரை மாதம் முழுவதும் தின்பதுதான் கேடு. "என்னடி, இளைத்துப் போனாயே" என்று மாமியார் கவலைப்பட்டால், மாலையில் அவரையும் கையோடு அழைத்துக்கொண்டு கோயில்வரை நடந்து வாருங்கள்.

இடுப்பை அளக்கத் தையற்காரர் நாடா போதும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதற்கு மேல் போனால் அரசாங்கக் கிளினிக்கில் இரத்தத்தில் சர்க்கரையையும் அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளவேண்டும். அங்கே குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. ஏற்கெனவே தூள் குடித்து வருபவர்கள் அதை நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நெஞ்சு படபடப்பும் மயக்கமும் இருந்தால் அன்றைக்கே போகவேண்டும். நீரிழிவுக்கோ அழுத்தத்துக்கோ மருத்துவர் கொடுத்த மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். போகும்போது அந்தத் தூள் பொட்டலத்தையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.