ஓசையில் தெரியும் விறைப்பு

முப்பரிமாண அச்சுமுறைகளுள் பெரிதும் புழங்கும் ஒன்றில், மெல்லிய பிளாஸ்டிக் இழை சூடான முனை வழியே உருகி வெளிவந்து, கோடு கோடாகப் படிந்து, அடுக்கின்மேல் அடுக்காக உயர்ந்து உருப்பெறுகிறது. அவ்வாறு உருவான உறுப்பு பளு ஏறும்போது எவ்வளவு வளையும் என்பது, அதன் வடிவத்தோடு, அப்பொருள் உருமாற்றத்தை எதிர்க்கும் விறைப்பையும் பொறுத்தது. இவ்விறைப்பைக் குறிக்கும் அளவு யங் குணகம் எனப்படும். எஃகுக்கு அது ஏறத்தாழ 200 ஜிகாபாஸ்கல், அச்சுக்கு மிகுதியும் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்குக்கு ஏறத்தாழ 3 ஜிகாபாஸ்கல். ஆனால் கோடுகள் ஓடும் திசை, அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிய திறம், முனையின் வெப்பநிலை, உள்ளே விடப்பட்ட வெற்றிடம் ஆகியவை விறைப்பை மாற்றுவதால், மூலப்பொருளுக்குரிய எண்ணை அச்சிட்ட உறுப்புக்கும் அப்படியே பொருத்திவிட இயலாது.

விறைப்பை அளக்க வழக்கமாகப் பயன்படும் இழுவிசைச் சோதனைக்குப் பெரிய எந்திரம் தேவை. மாதிரியும் பெரும்பாலும் அறுந்தே போகிறது. மண்பானையைச் சுண்டி, எழும் ஓசையைக் கொண்டு அதன் தரத்தை அறிவதைப் போல, உறுப்பைத் தட்டி அதிரவைத்து விறைப்பைக் கணிக்கும் முறையில் எதுவும் உடைவதில்லை. வளைந்த சட்டத்தை அதன் விறைப்பு பழைய நிலைக்கு இழுக்கிறது, நிறையோ அவ்வசைவைத் தாமதப்படுத்துகிறது. இவ்விரண்டின் இழுபறியால் ஒவ்வொரு சட்டத்துக்கும் தனக்கே உரிய அதிர்வு வேகம் அமைகிறது. இயல் அதிர்வெண் எனப்படும் இதனை விறைப்போடு இணைக்கும் சமன்பாட்டை 18ஆம் நூற்றாண்டில் ஆய்லரும் டேனியல் பெர்னூலியும் வகுத்தனர்.

சோதனைக்கு 100 மி.மீ. நீளமும் 10 மி.மீ. அகலமும் 4 மி.மீ. தடிப்பும் உடைய, உள்வெற்றிடமற்ற பி.எல்.ஏ. சட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டால், அதன் நிறை ஏறத்தாழ 5 கிராம் இருக்கும். அதிரும்போது அசையாமல் நிற்கும் புள்ளிகளான கணுக்கள் இரு முனைகளிலிருந்தும் 22.4 மி.மீ. தொலைவில் அமைவதால், அவ்விடங்களில் மட்டும் மெல்லிய நூலில் தாங்கி, நடுவில் இலேசாகத் தட்ட வேண்டும். அருகிலுள்ள ஒலிவாங்கி பதிந்த ஒலியை ஃபூரியர் உருமாற்றம் என்னும் கணக்கு அதன் அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டுகிறது. குணகம் 3 ஜிகாபாஸ்கலாயின் முதல் அதிர்வெண் ஏறத்தாழ 640 ஹெர்ட்ஸ். அது 576 ஆகக் குறைந்திருந்தால், குணகம் அதிர்வெண்ணின் இருமடியைப் பொறுத்ததாகையால், விறைப்பு 19 விழுக்காடு குறைவு என்று பொருள்.

இக்கணக்கில் மிகுந்த கவனத்தைக் கோருவது தடிப்பு. அது மும்மடியாக இடம்பெறுவதால், ஒரு விழுக்காட்டுப் பிழையும் விடையில் மூன்று விழுக்காடாகப் பெருகும். அச்சிட்ட பரப்போ வரிவரியாக மேடுபள்ளம் கொண்டது என்பதால், பல இடங்களில் அளந்து சராசரி காண்பது இன்றியமையாதது. அதிர்வை உணரும் கருவியைச் சட்டத்தின்மேல் ஒட்டினால் அதன் எடையே அதிர்வெண்ணைத் தாழ்த்திவிடும் என்பதால், தொடாமல் கேட்கும் ஒலிவாங்கியோ ஒளியால் அளக்கும் லேசர் கருவியோ ஏற்றது. பிளாஸ்டிக் ஓரளவு மீள்வதும் ஓரளவு மெல்ல நெகிழ்வதுமான இருதன்மைப் பொருளாகையால், விரைந்த அதிர்வில் கிடைக்கும் குணகம் மெதுவாகப் பளு ஏற்றிப் பெறும் குணகத்தைவிடச் சற்று உயர்ந்தே இருக்கும். உள்ளே வலைபோல் இடைவெளி விட்டு அச்சிட்ட சட்டத்தில் கிடைப்பதோ பொருளின் குணகம் அன்று, அந்த முழு அமைப்பின் செயல்விறைப்பே.

விறைப்பு வேறு, முறியும் வலிமை வேறு என்பதால், அடுக்குகள் எந்தப் பளுவில் பிரியும் என்பதை அதிர்வெண் மட்டும் உரைக்காது. எனினும் அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பதைக் குறிக்கும் தணிப்பையும் சேர்த்துக் கவனித்தால், உள்விரிசலுக்கான அறிகுறி தென்படக்கூடும். உறுப்பு சிதையாமல் இருப்பதால், அதனையே வெயிலில் வைத்த பின்னும், ஈரம் ஏறிய பின்னும், பளு தாங்கிப் பழகிய பின்னும் மீண்டும் மீண்டும் அளந்து மாற்றத்தைத் தொடர இயலும் என்பதே இம்முறையின் பெருஞ்சிறப்பு. தராசும் வெர்னியர் அளவியும் கைப்பேசியின் ஒலிவாங்கியுமே இதற்குப் போதும் என்பதால், செய்முறையோடு பின்னிப் பிணைந்த இவ்விறைப்பைப் பட்டியல் எண்களைக் கொண்டு ஊகிக்காமல், உறுப்பிலேயே நேரடியாக அளந்தறியும் வாய்ப்பு பள்ளி ஆய்வகத்துக்கும் சிறு பட்டறைக்கும் எட்டுகிறது.