சிறுதேரும் நுங்கு வண்டியும்

கார்த்திகைத் தீபத் திருவிழாவின் 7ஆம் நாளில் திருவண்ணாமலை மாட வீதிகளில் ஓடும் ஐந்து தேர்களில் சக்கரம் அசையாத அச்சைச் சுற்றியே சுழல்வதால், அது கழன்று விடாதபடி அச்சின் முனையில் கடையாணி என்னும் முளை செருகப்படுகிறது. நுங்கு எடுத்த இரு பனங்காய்களை ஒரு குச்சியால் இணைத்து, கவைக்கம்பால் தள்ளி ஓட்டும் நுங்கு வண்டியிலோ சக்கரங்களும் அச்சும் ஒன்றாகவே சுழல்கின்றன. ஆகவே வளைவில் வெளிப்புறக் காய் கூடுதல் தொலைவு உருள வேண்டியிருக்க, உட்புறக் காய் தரையில் தேய்கிறது. பெரிய தேரைத் திருப்ப முட்டுக்கட்டை, அதாவது சக்கரத்தின் அடியில் இடும் ஆப்பு, ஏன் தேவைப்படுகிறது என்பதை, தானே வண்டி செய்து ஓட்டிய குழந்தை எளிதில் உணர்ந்துகொள்ளும். குச்சி நடுவில் செருகப்படாவிட்டால் வண்டி தத்தும் என்பதையும் அதன் கையே கண்டறிகிறது. எந்தப் பாடநூலும் இவ்வளவு விரைவாக இதைக் கற்பிப்பதில்லை.

தச்சன் செய்த சிறு வண்டியைச் சிறுவர் கையால் இழுத்து மகிழ்வதைச் சங்க நூலான குறுந்தொகையின் 61ஆம் பாடல் உவமையாக்குகிறது. தலைவனைக் குழந்தையாகப் பாவித்துப் பாடும் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் 10 பருவங்களுள் சிறுதேர் உருட்டுதலும் ஒன்று.