பாட்டி மாலையில் பனைமரக் காசு

குழந்தைகளே! உங்கள் பாட்டியின் காசுமாலையை உற்றுப் பார்த்ததுண்டா? பெரும்பாலும் லட்சுமி உருவம்தான் இருக்கும். ஆனால் மிகப் பழைய மாலைகள் சிலவற்றில் வேறொரு காசு கோத்திருப்பார்கள். அதில் இரண்டு மனிதர்கள். நடுவே நெட்டையாக ஒரு கம்பு.

இலஞ்சி, தென்காசி எல்லாம் அடங்கிய அன்றைய திருநெல்வேலிச் சீமையில், அந்தக் கம்பைப் பனைமரம் என்றும், அருகில் இருப்பவர் பனை ஏறப் போகிறவர் என்றும் மக்கள் நினைத்தார்கள். நாம் தினம் பார்ப்பதுதானே நம் கண்ணுக்குத் தெரியும்!

உண்மையில் அது இத்தாலியின் வெனிஸ் நகரத் தங்கக் காசு. பெயர் 'டுகாட்'. 1284-ல் முதலில் அச்சிட்டார்கள். எடை சுமார் மூன்றரை கிராம். மண்டியிட்டிருப்பவர் வெனிஸின் ஆட்சித் தலைவர். அவருக்குக் கொடிக்கம்பைக் கொடுப்பவர் புனித மாற்கு. பின்பக்கம் நட்சத்திரங்களுக்கு நடுவே இயேசு கிறிஸ்து. 1797-ல் வெனிஸ் குடியரசு வீழும்வரை இந்த உருவம் பெரிதாக மாறவில்லை.

மிளகு வாணிபத்தோடு இந்தக் காசு நம் நாட்டுக்கு வந்தது. சுத்தத் தங்கம் என்பதால் மதிப்பு அதிகம். இங்கும் அதைப் பார்த்து நகல் செய்தார்கள். லத்தீன் எழுத்து தெரியாததால், பல நகல்களில் எழுத்துகள் வெறும் கோடுகளாகிவிட்டன!

பழைய நாணயத்தைப் பிற்காலத்தில் மீண்டும் அச்சிடுவதும் உண்டு. ஆஸ்திரியாவின் 'மரியா தெரசா தாலர்' என்ற வெள்ளி நாணயத்தில் எப்போதும் 1780 என்றே இருக்கும். அது அந்த அரசி இறந்த ஆண்டு. நம் பம்பாய் நாணயச் சாலையிலேயே 1940, 1941-ல் அதை அச்சிட்டிருக்கிறார்கள். அதிலும் 1780தான்!

ஆகவே, காசில் உள்ள ஆண்டு எல்லாம் காசின் வயது அல்ல. மறு அச்சு என்று தெரிந்து, அதற்குரிய விலையில் வாங்கிச் சேர்ப்பது நல்ல பொழுதுபோக்கு. அதையே பழங்காசு என்று சொல்லி விற்றால் அது மோசடி. குற்றாலச் சீசன் கூட்டத்தில் யாராவது "இருநூறு வருஷத்துக் காசு" என்று நீட்டினால், உடனே பணத்தை எடுக்காதீர்கள். விவரம் தெரிந்த பெரியவர்களிடம் காட்டிக் கேளுங்கள்.

வீட்டில் பழங்காசு இருந்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அதன் மதிப்பு குறைந்துவிடும். உருக்கக் கொடுக்கும் முன் படம் எடுத்து, எடையையும், யாரிடமிருந்து வந்தது என்பதையும் நோட்டில் எழுதுங்கள். உருக்கினால் தங்கம் மிஞ்சும், கதை மிஞ்சாது.

இன்றே பாட்டியிடம் கேட்டுப் பாருங்களேன்!